எட்டடி போர்டிகோவும் எங்கள் காரும்

எங்கள் தெருவில் போர்டிகோ இல்லாத வீடே கிடையாது. ஆனாலும் ராத்திரியில் பாதிக் கார்கள் தெருவில்தான் நிற்கும். கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "உள்ள விடலாம்ணே, விட்டா இறங்க முடியாது." மதுரையின் புறநகரில் மூன்று சென்ட், நான்கு சென்ட்டில் கட்டிய வீடுகள் நிறைந்த எந்தத் தெருவிலும் இதே நிலைதான். ஒன்று, கார் கேட்டுக்குள் திரும்பாது. திரும்பினால் கதவு திறக்காது. கதவு திறந்தால் கேட் சாத்தாது. எங்கள் வீட்டு போர்டிகோவும் அப்படிப்பட்டதுதான். அதற்குள் ஒரு காரைத் தினமும் நிம்மதியாக விட்டு எடுக்கிற அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

வீட்டை அப்பா தொண்ணூறுகளில் கட்டினார். அன்றைக்கு கார் என்றால் மாருதி 800. அதன் நீளம் 3,335 மில்லிமீட்டர், அதாவது 11 அடிக்குக் கொஞ்சம் குறைவு. அகலம் 1,440, ஐந்தடிகூட இல்லை. அதை மனதில் வைத்துத்தான் மேஸ்திரி 8 அடி அகலம், 15 அடி ஆழத்துக்கு போர்டிகோ போட்டிருக்கிறார். ஒரு பக்கம் பக்கத்து வீட்டோடு பொதுவான காம்பவுண்டு சுவர். மறுபக்கம் கேட்டிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளி கூரையைத் தாங்கும் கான்கிரீட் தூண். அந்தக் காலத்துக்கு அது தாராளமான இடம். இன்றைக்கு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, ஒரு காருக்குக் கேட்கும் இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். எங்களிடம் இருப்பது அகலத்தில் 2.44, ஆழத்தில் 4.57.

கார் வாங்கலாம் என்று முடிவானதும் எல்லோரும் முதலில் பார்ப்பது நீளத்தை. உண்மையில் நீளத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தார்கள். பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் 1,500 சிசிக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஜிஎஸ்டி வந்த பிறகும் அந்த 4 மீட்டர் கோடு அப்படியே நிற்கிறது. அதனால்தான் நம் ஊரில் விற்கும் பல கார்கள் 3,990, 3,995 மில்லிமீட்டரில் வந்து நின்றுவிடுகின்றன. 4 மீட்டர் என்பது 13 அடி 1½ அங்குலம். 15 அடி ஆழத்தில் அது உட்கார்ந்துவிடும்.

வரியில் இந்தக் கோடு நீளத்துக்குத்தான். அகலத்துக்கு அப்படி ஒரு கோடு இல்லை. அதனால் கார்கள் பக்கவாட்டில் வளர்ந்துவிட்டன. வேகன் ஆர் 1,620 மில்லிமீட்டர், ஸ்விஃப்ட் 1,735, பலேனோ 1,745, நெக்ஸான் 1,800-ஐத் தாண்டும். இந்தக் கணக்கில் சைடு மிரர் சேராது என்பதை ஷோரூமில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. மிரரை விரித்தால் பக்கத்துக்கு நான்கைந்து அங்குலம் கூடும். எட்டடியிலிருந்து கழித்துப் பாருங்கள். வேகன் ஆருக்கு 2 அடி 8 அங்குலம் மிஞ்சும், நெக்ஸானுக்கு 2 அடி சொச்சம்தான். வெறும் ஏழு அங்குல வித்தியாசம். ஆனால் ஒரு மனிதர் வயிற்றை எக்காமல் இறங்குவாரா, கதவுக்கும் தூணுக்கும் நடுவே சிக்கிக்கொள்வாரா என்பதை அந்த ஏழு அங்குலம்தான் தீர்மானிக்கிறது. கதவைத் திறந்து சாதாரணமாக இறங்க இரண்டடி வேண்டும். அதற்குக் கீழே போனால் ஒவ்வொரு நாளும் அவஸ்தை.

அந்த மிச்ச இடத்தை இரண்டு பக்கமும் சமமாகப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் எந்தப் பக்கமும் இறங்க முடியாது. நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். எனவே காரின் இடப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, ஆறு அங்குலம் மட்டும் விட்டு, மிச்சம் முழுவதையும் ஓட்டுநர் பக்கத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். மற்ற எல்லோரும் கேட்டுக்கு வெளியிலேயே ஏறி இறங்க வேண்டியதுதான். எங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அவரை போர்டிகோவுக்குள் கொண்டுபோய் வாசற்படியருகே இறக்க வேண்டும் என்பதுதான் என் முதல் ஆசையாக இருந்தது. டேப்பை வைத்துப் பார்த்ததும் அது நடக்காது என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பதிலாகத் தெருவில் இறங்கி நடக்கும் அந்தச் சில அடி தூரத்தில் சின்ன கேட்டோரம் ஒரு கைப்பிடிக் குழாய் பொருத்தினோம். அம்மாவுக்கு அதுவே வசதியாக இருக்கிறது. உட்காரும் உயரம் கூடுதல் என்பதும் வேகன் ஆரைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம். குனிந்து நுழைய வேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். பெரும்பாலும் கொண்டுவருவார்கள். மெயின் ரோட்டில் நாலு கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பதைவிட, அதை உங்கள் போர்டிகோவில் விட்டுப் பார்ப்பது பத்து மடங்கு உபயோகம். விட்டபின் ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்குங்கள். டிக்கியைத் திறந்து பாருங்கள். கேட்டைச் சாத்திப் பாருங்கள். சில வீடுகளில் மாடிப்படி போர்டிகோவின் மேலேயே ஏறும். அங்கே டிக்கிக் கதவு மேலே தூக்கும்போது படிக்கட்டின் அடியில் இடிக்கும். வண்டி கிடைக்காவிட்டால் சாக்பீஸால் தரையில் காரின் நீள அகலத்துக்கு ஒரு கட்டம் வரையுங்கள். கட்டத்துக்கு வெளியே நின்று நடந்து பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

அப்புறம் கேட். எங்கள் பழைய கேட் இரண்டு கதவு, ஒவ்வொன்றும் நான்கடி, உள்பக்கம் திறக்கும். கார் நின்றால் அதற்குச் சுழல இடமில்லை. வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றலாம் என்றால் தெருவில் போகிறவர்கள் மேல் இடிக்கும், அது நியாயமில்லை. ஸ்லைடிங் கேட் நல்லது, ஆனால் கேட்டின் அகலத்துக்குச் சமமாகப் பக்கத்தில் சுவர் வேண்டும். எங்களுக்கு அங்கே சின்ன கேட் இருக்கிறது. கடைசியில் மடக்கு கேட்தான் வைத்தோம். ஆறு மடிப்பு, ஒவ்வொன்றும் 20 அங்குலம். மடங்கும்போது உள்ளே 20 அங்குலம் இடம் கேட்கும். காரை ரிவர்ஸில் விட்டு, பின்னால் அரையடி விட்டு நிறுத்தினால் முன்னால், கேட் பக்கம், இரண்டரை அடி மிஞ்சுகிறது, போதும். இதே இடத்தில் 4 மீட்டர் கார் நின்றால் முன்னால் 16 அங்குலம்தான் இருக்கும், மடிப்பு பம்பரைத் தொடும். நீளம் உண்மையில் கடிக்கிற இடம் இது ஒன்றுதான்.

கேட் வேலையோடு சேர்த்து எட்டடித் திறப்பைப் பத்தடியாகவும் ஆக்கினோம். இந்த மொத்த வேலையிலும் அதிகப் பலன் தந்தது அதுதான். போர்டிகோ எட்டடியாகவே இருக்கட்டும், கேட் மட்டும் அகலமாக இருந்தால் கார் சாய்வாக நுழைந்து உள்ளே போகப் போக நேராகிவிடும். ஓட்டுநர் பக்கத்து கேட் தூணை இடித்து இரண்டடி தள்ளிக் கட்டினோம், சின்ன கேட்டும் அதோடு நகர்ந்தது. கேட் தூண் வெறும் செங்கல் கட்டு, அதை இடிக்கலாம். கூரையைத் தாங்கும் கான்கிரீட் தூணில் மட்டும் யாரையும் உளி வைக்க விடாதீர்கள். முனையை இரண்டு அங்குலம் சீவினால் போதுமே என்று சொல்பவர்கள் உண்டு. உள்ளே இருப்பது கம்பி. கட்டட இன்ஜினியர் பார்க்காமல் அதைத் தொடக் கூடாது. அந்தத் தூணின் முனையில் பழைய டயர் டியூப்பை வெட்டி இடுப்பு உயரத்துக்குச் சுற்றி வைத்திருக்கிறேன், அதுவே போதும்.

தரை உயரம் தனிக் கதை. அப்பா கட்டும்போது தெருவைவிட ஒன்றரை அடி உயர்த்திக் கட்டினாராம். பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, இப்போது அரையடிதான் வித்தியாசம். 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று உத்தரவிட்டார். எல்லாத் தெருக்களிலும் அது நடந்தால் எத்தனையோ வீடுகளில் மழைத் தண்ணீர் ஏறாது. எங்கள் மேஸ்திரி சொன்னது நினைவிருக்கிறது: "தம்பி, ராம்ப் போடும்போது ரோடு இன்னும் ஏறும்னு நெனச்சுப் போடணும். தண்ணி உள்ள வந்துச்சுன்னா கார் மட்டும் இல்ல, வீடும் போச்சு." கேட்டுக்குக் குறுக்கே தரையில் ஒரு சிறிய கால்வாய் வெட்டி, மேலே கம்பிச் சட்டம் போட்டுத் தண்ணீரைப் பக்கவாட்டில் விட்டார். அந்த யோசனை ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் எங்களைக் காப்பாற்றுகிறது.

ராம்பைத் தெருவில் நீட்டாமல் கேட்டுக்கு உள்ளேயே போட்டோம். தெருவில் சாக்கடையின் மேல் ராம்ப் கட்டினால், தூர்வார வரும்போது இடித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அது பொது இடம். சாக்கடையைத் தாண்டும் இடத்துக்கு மட்டும் தூக்கி எடுக்கிற மாதிரி ஓர் இரும்புத் தகடு வைத்திருக்கிறோம். உள்ளே அரையடி உயரத்துக்கு நான்கடி நீளம், அதாவது எட்டுக்கு ஒன்று சாய்வு. இதைவிடச் செங்குத்தாகப் போனால் ஏறும்போது இன்ஜின் முக்கும், மழையில் டயர் வழுக்கும். சாய்வு சரியாக இருந்தாலும் ராம்ப் முடிந்து தரை தொடங்கும் இடம் கூர்மையாக இருந்தால் காரின் வயிறு உரசும். சிறிய கார்களுக்குத் தரையிலிருந்து ஆறு, ஆறரை அங்குலம்தான் இடைவெளி. அந்த உச்சியை மழுக்கி வளைவாக முடிக்கச் சொல்ல வேண்டும். சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே கயிற்றை அழுத்திக் குறுக்குக் கோடுகள் போட்டுவிட்டால் டயருக்குப் பிடிமானம் கிடைக்கும். பளபளவென்று டைல்ஸ் ஒட்டாதீர்கள். ஒட்டத்தான் வேண்டும் என்றால் சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ் கடைகளில் கிடைக்கிறது.

கேட்டும் ராம்பும் ஒன்றோடொன்று சண்டை போடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஏறுகிற தரையில் உள்பக்கம் திறக்கும் கேட்டின் அடி தட்டும். எங்கள் 20 அங்குல மடிப்பு உள்ளே வரும்போது அந்த இடத்தில் தரை இரண்டரை அங்குலம் உயர்ந்திருக்கிறது. அதனால் வெல்டர் கேட்டை மூன்று அங்குலம் தூக்கி மாட்டி, அடியில் ரப்பர் பட்டை தொங்கவிட்டார். பழைய நான்கடிக் கதவாக இருந்திருந்தால் அரையடி தூக்க வேண்டியிருக்கும், தெருநாய் சாவகாசமாக உள்ளே வரும். ஆகவே ராம்பை முடிவு செய்த பிறகுதான் கேட்டுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, தண்ணீர் சம்ப். பல வீடுகளில் போர்டிகோவுக்கு அடியில்தான் சம்ப் இருக்கும். மேலே ஸ்கூட்டர் மட்டும் நிற்கும் என்ற கணக்கில் அதன் மூடிப் பலகை போடப்பட்டிருக்கலாம். ஆள் ஏறிய சிறிய கார் ஒரு டன்னைத் தாண்டும், ஒவ்வொரு சக்கரமும் கால் டன்னுக்கு மேல் அழுத்தும். எங்கள் சம்ப் ஸ்லாபை இன்ஜினியர் வந்து பார்த்து, தாங்கும் என்று சொன்ன பிறகுதான் காரை ஏற்றினோம். சம்ப் மூடி சக்கரம் போகும் பாதையில் இருந்தால் லோடு தாங்கும் மூடியாக மாற்றுங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

சரி, காரை உள்ளே விடுவது எப்படி? ரிவர்ஸில்தான். முன்பக்கமாக நுழைந்தால் எளிது என்று தோன்றும், ஆனால் குறுகிய கேட்டில் அது எளிதல்ல. முன்சக்கரம் போன பாதையில் பின்சக்கரம் போகாது, வளைவின் உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். மூக்கு தூணைத் தாண்டிவிட்டது என்று நினைத்துத் திருப்பும்போது நடுக்கதவு தூணில் உரசும். ரிவர்ஸில் பின்பகுதி முதலில் நுழைந்துவிடும், முன்பகுதிதான் அகலமாக வீசும். அந்த வீச்சுக்கான இடம் தெருவில் இருக்கிறது. காலையில் கிளம்பும்போதும் நேராக முன்னே பார்த்து வெளியே வரலாம். தெருவில் பிள்ளைகள் சைக்கிள் விடுகிற நேரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே வருவதை நினைத்தாலே எனக்குப் பதறும்.

எந்தத் திசையிலிருந்து வருகிறோம் என்பதும் முக்கியம். வீடு உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி வாருங்கள். அப்போது வலப்பக்கமாக ரிவர்ஸ் எடுப்பீர்கள். எந்தத் தூணில் இடிக்க வாய்ப்பிருக்கிறதோ அது உங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே, கண்ணால் பார்க்கும் தூரத்தில் இருக்கும். எதிர்த்திசையில் வந்தால் அந்தத் தூண் காரின் மறுமுனையில் போய்விடும், மிரரையும் கேமராவையும் மட்டுமே நம்ப வேண்டும். இதற்காகவே நான் ஒரு தெரு சுற்றி வருகிறேன். கொஞ்சம் பெட்ரோல் செலவானாலும் பரவாயில்லை.

அடுத்தது, சுவரை ஒட்டி நிறுத்தித் திருப்பாமல் இருப்பது. எங்கள் தெரு 20 அடி. காம்பவுண்டு சுவரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி, தெருவின் நடுவுக்கு வந்து விடுகிறேன். காரின் பின்பம்பர் கேட் தூணைத் தாண்டி நாலைந்து அடி போனதும் நிறுத்தி, ஸ்டியரிங்கை முழுதாக வலப்பக்கம் ஒடித்து, ஹாஃப் கிளட்சில் மெதுவாகப் பின்னே. சுவரை ஒட்டி நின்றால் பின்சக்கரம் தூணைச் சுற்றி வர இடமே கிடைக்காது. பாதி திரும்புவதற்குள் தூண் குறுக்கே வந்துவிடும். வேகன் ஆரின் திருப்பு ஆரம் 4.7 மீட்டர் என்பதால் எதிர்வீட்டு வாசலில் பைக் நின்றாலும் மூக்கு தப்பிவிடுகிறது. அங்கே கார் நின்றால் ஒரு முறை முன்னே வந்து திருத்த வேண்டும். வலப்பின் சக்கரத்துக்கும் தூணுக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கார் நேரானதும் ஸ்டியரிங்கை நேராக்கி, கண்ணை இடது மிரருக்கு மாற்ற வேண்டும். காம்பவுண்டு சுவரின் அடியில், தரையில், சுவரிலிருந்து ஆறு அங்குலம் தள்ளி மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். இடது டயர் அந்தக் கோட்டுக்கு வந்துவிட்டால் காரும் சுவரும் அளவோடு இருக்கும். இடது மிரரைச் சற்றுக் கீழே சாய்த்து வைத்தால்தான் கோடு தெரியும்.

ஜூலை 2019-லிருந்து இந்தியாவில் விற்கும் கார்களில் பின்பக்க சென்சார் கட்டாயம். அது பெரிய உதவிதான், ஆனால் எல்லாவற்றையும் பிடிக்காது. தரையோடு இருக்கும் பூந்தொட்டி, மெல்லிய குழாய், மோட்டார் வால்வு போன்றவை அதன் கண்ணில் படாமல் போகலாம். எங்கள் போர்டிகோவின் பின்சுவரில் தண்ணீர்க் குழாய் ஒன்று முழங்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுவருக்குள் திருப்பிவிட்டோம். பின்சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் நாலு அங்குல உயரத்துக்கு ரப்பர் தடுப்பு ஒன்றைத் தரையில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறோம். சக்கரம் அதில் முட்டினால் பின்னால் அரையடி இருக்கிறது என்று அர்த்தம், திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

ரிவர்ஸில் விடுவதில் இரண்டு தொல்லை உண்டு. டிக்கி சுவர்ப் பக்கம் போய்விடுவதால் அரிசி மூட்டை, காய்கறிப் பை எல்லாவற்றையும் தெருவிலேயே இறக்கிவிட வேண்டும். இன்னொன்றில் கவனம் வேண்டும். புகைக்குழாய் வீட்டின் பக்கம் திரும்பியிருக்கும், எங்கள் ஹால் ஜன்னலும் அங்கேதான். இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு கேட்டைத் திறக்கப் போகக் கூடாது. முதலில் கேட்டைத் திறந்துவிட்டு, பிறகு ஏறி ஸ்டார்ட் செய்து உடனே கிளம்ப வேண்டும். போர்டிகோவுக்கு ஷட்டர் போட்டு மூடியவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, மூடிய அறையில் உயிரையே எடுத்துவிடும்.

கிளம்பும் முன் பானெட்டில் ஒரு தட்டுத் தட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். இன்ஜின் சூட்டுக்குப் பூனை ஏறிப் படுத்திருக்கும். எலி வேறு. சுவரோடு ஒட்டி நிற்கிற காருக்கு எலி தாவி ஏறுவது சுலபம், வயரைக் கடித்தால் ஆயிரக்கணக்கில் செலவு. போர்டிகோ மூலையில் பழைய பேப்பர், அட்டைப்பெட்டி அடுக்கி வைப்பதை நிறுத்தியதே எங்களுக்கு நல்ல பலன் தந்தது. சிலர் புகையிலைக் கட்டு வைப்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஸ்கூட்டரைப் பக்கவாட்டுச் சந்துக்கு மாற்றிவிட்டோம். செருப்பு ஸ்டாண்டு உள்ளே போய்விட்டது.

இப்போது புதிதாக வேலை செய்பவர்கள் சுவரை உடைத்திருக்கும்போதே மின்சார காருக்கும் ஒரு வழி செய்து வைத்துவிடுங்கள். மெயின் போர்டிலிருந்து தனி வயர், நல்ல எர்த், 16 ஆம்பியர் பாயிண்ட். அதை எங்கே வைப்பது என்பதில்தான் யோசனை வேண்டும். சில கார்களில் சார்ஜ் செய்யும் வாய் முன்னால் நடுவில் இருக்கிறது, சிலவற்றில் பெட்ரோல் மூடி இருக்கும் இடத்தில். நாங்கள் கான்கிரீட் தூணுக்குப் பின்னால், ஓட்டுநர் பக்கச் சுவரில், மழைச் சாரல் படாத உயரத்தில் குழாயை மட்டும் பதித்து வைத்திருக்கிறோம். வாய் முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் அங்கிருந்து கேபிள் எட்டும், கதவு திறக்கும் வழியிலும் குறுக்கே கிடக்காது.